அக்கா இருந்த கிணறு

நானும் என் நண்பனும் பேய் பார்க்கப் போவது பகலில்தான். "ராத்திரியில எதைப் பாத்தாலும் பேயாட்டத்தான் தெரியும். பகல்லயும் இருந்தாத்தான் அது பேய்" என்பான் அவன். அவனுக்குக் கோழித்தீவனக் கம்பெனியில் விற்பனை வேலை. நாமக்கல்லைச் சுற்றி அவன் பைக் போகாத பண்ணை கிடையாது. பண்ணைக்குப் பண்ணை ஒரு பேய்க்கதை கேட்டுக்கொண்டு வருவான். எனக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை. அதற்கு முன்பு சில வருஷம் ரிக் வண்டியிலேயே வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்கும் வேறு வேலை இல்லை. மின்காந்த அலையை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்றை அவன் ஆன்லைனில் வரவழைத்திருந்தான். பேய் இருக்கும் இடத்தில் அதன் விளக்கு எரிந்து சத்தமும் வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

எங்கள் கைக்கு ஒரு பேயும் சிக்கியதில்லை. சேந்தமங்கலம் போகிற வழியில் மூடிக்கிடந்த நூல் மில்லில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது என்றார்கள். கூரைத் தகரம் ஒன்று ஆணி கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலேஜ் விடுதியில் பூட்டிய அறைக்குள் யாரோ நடப்பதாகச் சொன்னார்கள். உள்ளே புறாக்கள் இருந்தன. அந்த அறையில் தூக்கு மாட்டிக்கொண்ட பையனின் அம்மா எப்போதாவது வந்து கதவைத் தொட்டுவிட்டுப் போவாராம். வார்டன் அதை எங்களுக்குச் செய்து காட்டினார். அந்த அம்மா போலவே கதவில் கன்னத்தை வைத்து, மூக்கை உறிஞ்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

போன இடமெல்லாம் இப்படித்தான். பேயைப் பற்றி யாருக்கும் சரியாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஆள் எப்படிச் செத்தார் என்பதை மட்டும் ருசித்துச் சொல்வார்கள். நானும் கேட்டு ரசித்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் நண்பன் கடைக்கு வந்தான். டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

"மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. புதுசா நம்ம தீவனம் எடுக்கறாங்க. அந்தப் பண்ணைக்காரரோட மொதச் சம்சாரம் கெணத்துல உழுந்து செத்துப்போச்சாம். இப்ப ரெண்டாவது சம்சாரத்து மேல வந்து ஆடுதாம். நம்ம மீட்டர் சமாச்சாரம் கேள்விப்பட்டுக் கூப்பிடறார். அவ நடிக்கறாளா, நெசமாலுமே பேயான்னு பாத்துச் சொல்லோணுமாம்."

"நடிச்சா?"

"நடிச்சா அவர் பாத்துக்கறாராம்."

பண்ணை எந்தப் பக்கம் என்று கேட்டேன். சொன்னான். கேட்டுக்கு நீலக் கலர் பெயிண்ட் அடித்திருக்குமா, உள்ளே போனதும் வலது பக்கம் ரெண்டு வேப்பமரம் இருக்குமா என்று கேட்டேன்.

"ஆமா. நீ அங்க போயிருக்கறயா?"

"அது எங்கக்கா" என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

அக்கா செத்தபோது நான் சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் இருந்தேன். போன் வந்து, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. கிணற்று மேட்டில் கால் வழுக்கிவிட்டது என்றார்கள். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே அக்காதான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் இடுப்பில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டித் தள்ளிவிட்டு, தானும் மேலிருந்து குதிப்பாள். அவள் தண்ணீரில் விழுந்து செத்தாள் என்று நம்ப எங்கள் வீட்டில் யாராலும் முடியாது. ஆனாலும் நம்பினார்கள். தங்கச்சிக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதோடு அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அக்கா பேயாகிவிட்ட செய்தி எங்களுக்கு வரவே இல்லை.

"வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான் நண்பன்.

"போலாம். நான் யாருன்னு சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். நான் தாடி வைத்திருந்தேன், தொப்பி போட்டிருந்தேன். பண்ணைக்காரன், அதாவது நான் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சாவுக்குப் போயிருந்தான். மதியத்துக்குள் வந்துவிடுவதாகவும் அதுவரை நாங்கள் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் போனில் சொன்னான்.

வீட்டில் இருந்தது அவன் இரண்டாவது மனைவி மட்டும். ஒல்லியான பெண். தங்கச்சியைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள். பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் வயது இன்னும் வராத அவள் பெண்குழந்தை முட்டை அட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் நான் வேப்பமரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். கத்திரிப்பூக் கலரில் மஞ்சள் கரை. ராய்ப்பூரில் ஒரு கடையில் அதை வாங்கியவன் நான்.

நண்பன்தான் பேச்சுக் கொடுத்தான்.

"நல்லாருக்குதுங்க சேலை."

"என்ற சேலை இல்லீங்க. செத்துப்போனாங்களே, அவியளுதுதான். பீரோ நெறைய இருக்குது. புதுசு எடுக்கறதுக்கு எதுக்குன்னு அத்தை இதையேதான் கட்டச் சொல்வாங்க. கட்டுனா, பாரு அவளாட்டவே நிக்கறாம்பாங்க. கொழம்புல உப்புக் கூடுனா, அவதான் உன்ற கையில பூந்து போட்டாம்பாங்க. நான் பண்ற தப்பெல்லாம் அவிய பண்றதுதான். அடி மட்டும் எனக்கு."

முதுகைக் காட்டவில்லை. கையைக் காட்டினாள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கறுப்புக் குழாய் பட்ட தடம் வரிவரியாக இருந்தது.

"எப்பலேர்ந்து உங்க மேல வருதுங்க?" என்று கேட்டான் நண்பன்.

அவள் குழந்தையை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு எங்களை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். இவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணா, உங்க மெஷின் என்ன காட்டும்னு எனக்குத் தெரியாதுங்க. பேய் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல உழுகறேன்."

"ஏனுங்க?"

"பேய் வந்தாத்தான் அடிக்க மாட்டாங்க."

அப்புறம் அவளாகச் சொன்னாள். ஒரு நாள் கோழிக்குத் தண்ணீர் திறந்துவிட மறந்துபோனாள். வெயிலில் கோழிகள் செத்துவிட்டன. அவன் குழாயோடு வந்தான். கிணற்று மேடு வரைக்கும் அடித்துக்கொண்டே போனான். "அங்க நிக்கறப்ப எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுங்க. என்ன பேசறோம்னே தெரியல. 'என்னையத் தள்ளுன மாதிரி இவளையும் தள்ளப் போறயா'ன்னு வாயில வந்துருச்சு. அவர் கையிலிருந்து குழாய் கீழ உழுந்துருச்சுங்க. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த அத்தை பூஜை ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாங்க. ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தேன். அன்னைக்குத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது, அவிய வழுக்கி உழுகல, தள்ளித்தான் உட்டிருக்காங்கன்னு."

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைக் கேட்பதற்கு நான் எத்தனையோ வருஷம் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. தூரப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

"அம்மிணி, அது என்ற அக்கா" என்றேன். தொப்பியைக் கழற்றினேன்.

அவள் பயந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அவிய எப்படிப் பேசுவாங்கண்ணா?"

"என்னம்மிணி?"

"நான் அவியளப் பாத்ததே இல்லீங்க. சும்மா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுக் கத்தறேன். அவருக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டிருக்கறாரு. கோவம் வந்தா அவிய எப்படிப் பேசுவாங்க? அவரை என்னன்னு கூப்பிடுவாங்க? சொல்லிக்குடுங்கண்ணா."

சொல்லிக்கொடுத்தேன். அக்கா கோபத்தில் கத்தமாட்டாள், குரல் இறங்கிவிடும் என்றேன். முந்தானை நுனியை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே பேசுவாள் என்றேன். புருஷன்மேல் ஆத்திரம் வந்தால் அவனைத் தொரை என்பாள். 'தொரைக்கு இன்னும் என்ன வேணும்?' கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதே அவள் அப்படிக் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். "தொரைக்கு இன்னும் என்ன வேணும்?"

"இன்னும் மெதுவா. சிரிக்கற மாதிரி."

"தொரைக்கு இன்னும் என்ன வேணும்?"

"வேணும்ங்கறத இழுக்காத."

மறுபடி சொன்னாள். அக்காவின் சேலையின் முந்தானையை இடது கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு. நண்பன் எழுந்து கோழிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். நான் திருத்திக்கொண்டே இருந்தேன். அவள் கெட்டிக்காரி. சொன்னதை உடனே பிடித்துக்கொண்டாள்.

கார் வந்து நின்றது. சத்தம் கேட்டு நண்பனும் திரும்பி வந்தான். முதலில் இறங்கியது அவன் அம்மா. நான் அத்தை என்று கூப்பிட்டவள். தாடி, தொப்பி எதுவும் அவளிடம் பலிக்கவில்லை. ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள். முகம் வெளுத்தது, உடனே சரியாகிவிட்டது.

"வா சாமி. எப்ப வந்தே? தண்ணி குடிச்சயா?"

அவன் என்னையும் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தான். "இவன் எதுக்கு வந்தான்? யாரு கூட்டிட்டு வரச் சொன்னது?" என்று என் நண்பனின் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

அப்போது அந்தப் பெண் வாசலில் இருந்து கிணற்றைப் பார்த்து நடந்தாள். ஓடவில்லை, தலையை விரிக்கவில்லை. முந்தானையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே நடந்து போய் மேட்டில் நின்று திரும்பினாள்.

"தொரைக்கு இன்னும் என்ன வேணும்?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அவன் அம்மா உட்கார்ந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. யாரும் அதைத் தூக்கவில்லை. அந்தப் பெண் அவன் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பேசினாள். தள்ளியது எந்தக் கை என்று கேட்டாள். இந்தச் சேலையை எதற்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுக்காதது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாப்டியா சாமி?"

அதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் எந்த அக்காவும் தம்பியை அப்படித்தான் கேட்பாள். ஆனால் நான் "இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு நிறுத்த முடியாமல் அழுதேன். அந்த அழுகைதான் அவர்களை முழுசாக நம்பவைத்தது என்று நண்பன் பிற்பாடு சொன்னான்.

அவன் நாக்குக் குழறிக்கொண்டு நண்பனிடம் கேட்டான். "மெஷின் என்னங்க சொல்லுது?"

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்தில் நின்ற நண்பனின் கையில் மீட்டர் கத்திக்கொண்டிருந்தது. மோட்டார் கரண்டுக்கு எந்த மீட்டரும் கத்தும். அத்தனை ஊரிலும் அதை விளக்கிச் சொன்னவன் என் நண்பன். மீட்டரைப் பண்ணைக்காரன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இருக்குதுங்க" என்றான்.

அடுத்த நாள் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி முழுவதையும் கேட்டார், நடுவில் ஒரு தடவைகூட மறிக்கவில்லை. கடைசியில், "பேய் சொன்னதை நான் எஃப்.ஐ.ஆர்ல எப்படிங்க எழுதறது?" என்றார். பக்கத்து மேஜையில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைக்காமலே, "சின்னவளைக் குடுத்த ஊட்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சயா?" என்று கேட்டார்.

கொஞ்ச காலம் அந்தப் பெண்ணுக்கு அடி விழவில்லை. எப்போதாவது நண்பனுக்குப் போன் செய்து, "நல்லாருக்கறேனுங்க, அண்ணாகிட்டச் சொல்லுங்க" என்பாள். ஒரு தடவை என்னிடம் பேசி, அக்காவுக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டாள். பச்சைப்பயறுக் கடைசல் என்றேன். பேயாக வந்து அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் மீட்டர் வைத்து நிச்சயமான பேயை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பூசாரியை விசாரித்துப் பிடித்தார்கள். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார்கள். உச்சி முடியைக் கற்றையாகப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடித்தார்கள். பிறகு அவள் புருஷனும் இன்னொருவனும் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்கள். மயிர் தோலோடு வந்தது. "போயிட்டா, போயிட்டா" என்று மாமியார் கும்பிட்டாளாம். திரும்பும் வழியில் ஓட்டலில் நிறுத்தி எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். அவளுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் காருக்குள் கொடுத்தார்கள்.

அடுத்த தடவை அவன் குழாயை எடுத்தபோது அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, "தொரைக்கு இன்னும் என்ன வேணும்?" என்றாள். அவன் சிரித்தான்.

"அவதான் போயிட்டாளே. இப்பப் பேசறது நீ."

அன்று அவன் கை ஓய்கிறவரைக்கும் அடித்தான்.

இதையெல்லாம் அவள் எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். முட்டை லாரிக்கு வழிவிடக் கேட்டைத் திறந்தவள் அப்படியே வெளியே நடந்து, மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறித் திருச்செங்கோடு வந்து, கடையை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். தலையில் முக்காடு. குழந்தையைக் கூட்டிவர முடியவில்லை. அது பாட்டியின் மடியில் இருந்தது.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டோம். குழந்தையை விட்டுவிட்டு வந்தவளை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு துணி யூனிட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டோம். பக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கினாள். தலைப்புண் ஆற நாளாயிற்று. அந்த இடத்தில் முடி வரவில்லை.

நண்பன் இன்னும் அந்தப் பண்ணைக்குத் தீவனம் போடுகிறான். அது அவன் வேலை. மீட்டரை மட்டும் யாரிடமோ கொடுத்துவிட்டான். பண்ணைச் செய்தி அவன் வழியாகத்தான் எங்களுக்கு வரும். அம்மாவையும் அந்தப் பேய் கிணற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாக மாமியார் குழந்தைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் என்றான். ஊருக்கெல்லாம் தெரியும், அவள் உயிரோடு திருச்செங்கோட்டில் இருக்கிறாள் என்று. குழந்தைக்கு மட்டும் தெரியாது. சோறு தின்ன அடம்பிடித்தால், "உங்கம்மாளக் கூப்பிடட்டா? கெணத்துலதான் இருக்கறா" என்பார்களாம். குழந்தை உடனே வாயைத் திறந்துவிடுமாம்.

வக்கீலைப் பார்த்தோம். கேஸ் போட்டிருக்கிறோம். குழந்தை யாரிடம் போகப் பிரியப்படுகிறது என்று நீதிபதி கேட்பார், அதுதான் கொஞ்சம் சிக்கல் என்று வக்கீல் சொன்னார்.

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் ஒரு நாள் லீவு போட்டாள். என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். வழியில் ஒரு பொம்மைக் கடையில் நிறுத்தச் சொல்லி, கலர் பென்சில் வாங்கினாள். சின்ன வகுப்புகளுக்கு மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டு, வேன்கள் நின்றுகொண்டிருந்தன. எல்லாக் குழந்தைகளும் ஒரே யூனிபாரம். ஆனாலும் அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். முக்காட்டை எடுத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. அதற்கு அடையாளம் தெரிந்தது, அது எனக்கு நிச்சயம். ஒரு கணம் முகம் மலரக்கூடச் செய்தது. அப்புறம் அது கத்திய கத்தலில் வேன் டிரைவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். பையைப் போட்டுவிட்டு டீச்சரிடம் ஓடிப் போய் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கால் வழியாக மூத்திரம் போயிற்று. "அது செத்துப்போச்சு மிஸ், அது செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. டீச்சர் எங்களைப் பார்த்து, "யாருங்க நீங்க? போங்க, கொழந்தை பயப்படுதில்ல" என்றாள்.

அந்தப் பெண் கீழே கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். கலர் பென்சிலை உள்ளே வைத்து, பையை வேனின் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுக்காமல் நின்றேன்.

"நல்லா வளந்துட்டாங்கண்ணா" என்றாள். "போலாங்க. ரெண்டு மணி ஷிப்டுக்குப் போயிட்டா அரை நாள் சம்பளமாவது கெடைக்கும்."